ஜப்பானியர் மேற்கத்திய செவ்வியல் இசையை இத்தனை விரைவில் தமதாக்கிக் கொண்டது எவ்வாறு?

கேட்டுப்பழகுபவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக மேற்கத்திய செவ்வியல் இசையைச் சிறிது சிறிதாகக் கேட்டுப் பழகி வருகிறேன். நல்ல ஒலிப்பதிவு எது என்று தேடும்போதெல்லாம் ஜப்பானிய இசைக்குழுக்களின் பெயர்களும் ஜப்பானியக் கலைஞர்களின் பெயர்களும் வந்து நிற்கின்றன. பியானோ என்றால் யமஹா, கவாய். குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறை என்றால் சுசுகி. இசைக்குழு நடத்துநர் என்றால் ஒசாவா செய்ஜி. இதில் என்ன வியப்பு என்று சிலர் கேட்கலாம். 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து நின்றபோது அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் வயலின் என்ற ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1926-இலோ டோக்கியோவில் நிலையானதொரு சிம்பொனி இசைக்குழு எழுந்துவிட்டது. இடைப்பட்டது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்தாம். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்கிவிடும் காலம்.

புத்தகங்களில் 1868-இல் பேரரசரின் பெயரால் அமைந்த புதிய ஆட்சியைக் குறித்து, ‘மெய்ஜி அரசு மேற்கத்தியமயமாக்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. அரசு ஆணையிட்டால் ரயில் ஓடும், தபால் போகும். ஆனால் காது மாறுமா? தலைமுறை தலைமுறையாக வேறொரு சுர அமைப்பில் பழகிய காதுக்கு இந்த இசை முதலில் எப்படி ஒலித்தது? முதன்முதலில் கற்றவர்கள் யார், கற்பித்தவர்கள் யார்? அவர்களுடைய சொந்த இசை இதற்கிடையில் என்ன ஆயிற்று? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

---

பழஞ்சுவடி எழுதியது:

காது மாறுமா என்று கேட்டீர்களே, அதைப் பிடித்துக்கொண்டே தொடங்குகிறேன். மேற்கத்திய இசை அந்நாட்டுக்குள் காதின் வழியாக நுழையவில்லை என்பதே என் கருத்து. கேட்டு மகிழ்வதற்கான கலையாக அதை எவரும் கொண்டுவந்து தரவில்லை; துப்பாக்கி, சீருடை, அணிவகுப்பு ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு தளவாடமாகவே அது முதலில் வந்தது.

1869-இல் தெற்கே சத்சுமா ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த முப்பது இளைஞர்கள் யோகோஹாமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவின் பேண்டு மாஸ்டர் ஜான் வில்லியம் ஃபென்டன் என்பவரிடம் பயிற்சி பெறுவதற்காகவே அந்த ஏற்பாடு. மியோகோஜி என்ற புத்தக் கோயில்தான் பயிற்சிக்கூடம். லண்டனிலுள்ள பெஸ்ஸன் நிறுவனத்திடம் வாத்தியங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவை கப்பலில் வந்து சேரும்வரை கையில் கிடைத்த குழலையும் முரசையும் வைத்துக்கொண்டு நடைத்தாளம் பழகினார்கள். வாத்தியங்கள் 1870-இல் வந்தன. அவ்விளைஞர்கள் சாமுராய்க் குடிகளில் பிறந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை கிளாரினெட் ஊதுவதும் ஒரு படைப்பணிதான். பிற்காலத்துக் கடற்படை வாத்தியக் குழுவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தேசிய கீதத்தின் கதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. ஒரு நாட்டுக்கு அரசு வணக்கப் பாடல் ஒன்று வேண்டும் என்று ஃபென்டன் எடுத்துச் சொல்ல, பழைய கவிதைத் தொகையிலிருந்து ‘கிமிகாயோ’ என்ற குறும்பாடலை எடுத்துக் கொடுத்தார்கள். 1870-இல் ஃபென்டன் மெட்டமைத்தார். அவருக்கு மொழி தெரியாது. சொல் ஒரு பக்கம் இழுக்க, மெட்டு மறுபக்கம் இழுத்தது. பத்தாண்டுகள் கழித்து அரசவை இசைக் கலைஞர்கள் அதே சொற்களுக்குப் புதிய மெட்டு அமைத்தார்கள். அது ஹயாஷி ஹிரோமோரி பெயரில் வெளிவந்தாலும், அதில் ஓகு யோஷீசா என்ற இளைஞருக்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. அந்த மெட்டுக்கு ஜெர்மானியரான ஃபிரான்ஸ் எக்கெர்ட் மேற்கத்திய முறையில் ஒத்திசைவு, அதாவது மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் பிற சுரங்கள், எழுதிச் சேர்த்தார். இன்று நாம் கேட்பது இந்த 1880-ஆம் ஆண்டு வடிவத்தைத்தான். மெட்டு ககாகு என்னும் பழைய அரசவை இசையின் சாயலில் செல்கிறது; தொடக்கத்திலும் முடிவிலும் ஒத்திசைவு ஒதுங்கிக்கொண்டு, எல்லா வாத்தியங்களும் ஒரே சுரத்தை ஒலிக்கின்றன. ஜெர்மானியர் அந்த இடங்களில் கைவைக்காமல் விட்டது நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

இந்த அரசவைக் கலைஞர்களை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தந்தை வழியாக மகனுக்கு என்று பல நூற்றாண்டுகள் ககாகு வாசித்து வந்த குடும்பங்கள் அவர்களுடையவை. 1874 முதல் அவர்களும் ஃபென்டனிடம் மேற்கத்திய வாத்தியங்கள் கற்றார்கள். 1876 நவம்பர் 3, பேரரசரின் பிறந்தநாளன்று, அரண்மனை விருந்தில் அவற்றை வாசித்தார்கள். சீவாளி பொருத்திய ஹிச்சிரிக்கியை ஊதிய அதே உதடுகள் கிளாரினெட்டையும் ஊதின. மரபு இசையின் காவலர்களே புதிய இசையின் முதல் மாணவர்களாகவும் ஆனார்கள்; இந்த ஒன்றைத் தவறவிட்டால் பிறகு நடந்தவை விளங்கா.

அடுத்த வழி பள்ளிக்கூடம். 1872-இல் வந்த கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிகளில் பாட்டு என்ற பாடத்தைச் சேர்த்துவிட்டு, பக்கத்திலேயே ‘தற்போதைக்கு இது இல்லாமல் நடத்தலாம்’ என்ற பொருளில் குறிப்பும் எழுதியது. கற்பிக்க ஆளில்லை, புத்தகமில்லை, என்ன பாடுவது என்ற தெளிவுமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் இசாவா ஷூஜி. 1875-இல் ஆசிரியப் பயிற்சி முறைகளை ஆராய்ந்து வருமாறு அரசு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாசச்சூசெட்ஸில் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எல்லாப் பாடங்களிலும் தேறி வந்தவருக்குப் பாட்டு வகுப்பு மட்டும் எமனாக வந்தது. மேற்கத்திய ஏழு சுர வரிசையில் நான்காவதும் ஏழாவதும், அதாவது நம் கணக்கில் மத்தியமமும் நிஷாதமும், அவருடைய தொண்டையில் நிற்கவே இல்லை. ‘கீழ்த்திசையிலிருந்து வந்தவராயிற்றே, உமக்குப் பாட்டிலிருந்து விலக்கு அளிக்கிறேன்’ என்று பள்ளி முதல்வர் இரக்கத்தோடு சொன்னாராம். அந்தச் சலுகைதான் இசாவாவை உலுக்கியது. ஒரு நாடு தன்னைக் கற்க அனுப்பியிருக்க, கற்காமல் திரும்புவதா என்று அழுதே விட்டார். பின்னர் பாஸ்டனில் பள்ளி இசைக்கல்விக்குப் பெயர்பெற்ற லூதர் ஒயிட்டிங் மேசனைத் தேடிப் போய், அந்த இரு சுரங்களையும் குரலில் ஏற்றிக்கொண்டார்.

அவர் நாடு திரும்பியபின், 1879-இல், கல்வி அமைச்சகத்தின் கீழ் இசை ஆய்வுக் கழகம் உருவாயிற்று. 1880-இல் மேசனையே வரவழைத்தார்கள். அவரோடு பியானோக்களும் பையர் என்பவரின் தொடக்கநிலைப் பியானோப் பயிற்சி நூல்களும் வந்தன. இந்தப் பையர் நூலுக்கு அதற்குப் பிறகு நூறாண்டு ஆயுள் கிடைத்தது. ஜப்பானில் பியானோ கற்ற குழந்தைகளில் அதைத் தொடாதவர்கள் குறைவு. பிறகு 1881 என்று அச்சிட்டு 1882-இல் வெளியான முதல் பள்ளிப் பாட்டு நூலில் 33 பாடல்கள் இருந்தன. மூன்று தொகுதிகளும் சேர்த்து 91. பெரும்பாலானவை மேற்கத்திய மெட்டுகள், ஜப்பானியச் சொற்கள். ஸ்காட்லாந்தின் ‘ஆல்டு லாங் சைன்’ மெட்டுக்கு மின்மினி வெளிச்சத்திலும் சன்னலோரப் பனியின் ஒளியிலும் படித்த ஏழை மாணவரின் பழங்கதையைச் சொல்லாக வைத்தார்கள். பட்டமளிப்பு விழாக்களில் அது இன்றும் ஒலிக்கிறது. அதன் பிற்பகுதிச் சரணங்களோ வடக்கே சிஷிமாத் தீவுகளிலிருந்து தெற்கே ஒகினாவா வரை நாட்டின் எல்லையை எண்ணிக் காட்டுபவை. மெட்டின் பின்னே அரசு நின்றது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. போருக்குப் பிறகு அந்தச் சரணங்களை யாரும் பாடுவதில்லை.

பாடுவது நுரையீரலுக்கு நல்லது, ஒழுக்கத்துக்கு நல்லது என்பதே இசாவா அரசிடம் முன்வைத்த வழக்கு. மேஜர் சுர வரிசையில் வளரும் பிள்ளைகள் துணிவும் நலமும் பெறுவார்கள், மைனர் வரிசை மனத்தைத் தளர்த்தும் என்றுகூட அவருடைய அறிக்கை வாதிட்டது. இன்று படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் அன்று நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு அழகியலைவிட அந்த வாதம்தான் புரிந்தது. 1887-இல் அக்கழகம் டோக்கியோ இசைப் பள்ளியாயிற்று. இசாவாவே அதன் முதல்வர்.

---

வில்லும்கம்பியும் எழுதியது:

மேலேயுள்ள பதிவு அரசின் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டது. ஆனால் அமைச்சகம் பாட்டு நூல் அச்சடித்துவிட்டால் போதுமா? அதை எந்த வாத்தியத்தோடு பாடுவது? நான் பட்டறைகளின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

1887-இல் ஹமாமத்சு ஊரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஆர்கன் பழுதாகி நின்றது. குழாய் ஆர்கன் அன்று. காலால் துருத்தியை மிதித்தால் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் சிறிய வகை, நம் ஆர்மோனியத்தின் மூத்த உறவு. மருத்துவக் கருவிகள் பழுதுபார்த்து வந்த யமஹா தொராகுசுவை அழைத்தார்கள். உள்ளே உடைந்திருந்தவை ஓரிரு வில்சுருள்கள்தாம். அதைச் சரிசெய்தவர், பிரித்துப் பார்த்த பாகங்களை வரைந்து வைத்துக்கொண்டு, இதை நாமே செய்யலாமே என்று இறங்கினார். கவாய் கிசாபுரோ என்ற கைவினைஞரோடு சேர்ந்து முதல் ஆர்கனைச் செய்து முடித்தார். அது நன்றாக இருக்கிறதா என்று உறுதிபடச் சொல்லக்கூடியவர்கள் டோக்கியோவில்தான் இருந்தார்கள். ரயில் பாதை அப்போது முழுமையடையவில்லை. இருவரும் ஆர்கனைக் காவடிபோல் கழியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலைக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் போய் இசாவாவின் முன் வைத்தார்கள்.

வேலைப்பாடு நன்று, சுருதி சரியில்லை என்பதே தீர்ப்பு. இத்தனை தொலைவு சுமந்து வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! யமஹா ஊர் திரும்பாமல் ஏறக்குறைய ஒரு மாதம் அங்கேயே தங்கி, இசைப் பள்ளியில் சுருதி சேர்க்கும் கணக்கைக் கற்றுக்கொண்டு போய் இரண்டாவதைச் செய்தார். அது தேறியது. அந்நிறுவனத்தின் சின்னத்தில் சுருதி பார்க்கும் மூன்று இசைக்கவைகள் குறுக்காக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு மாதம்தான் நினைவுக்கு வரும். 1897-இல் நிப்போன் கக்கி நிறுவனமும் 1900-இல் நிமிர்ந்த வகைப் பியானோவும் 1902-இல் கிராண்ட் பியானோவும் வந்தன.

வயலின் கதை நகோயாவில் நடந்தது. சுசுகி மசாக்கிச்சி ஷமிசென் என்ற மூன்று கம்பி வாத்தியம் செய்யும் குடும்பத்தவர். பழைய வாத்தியத்துக்கு வாடிக்கை குறைந்த காலத்தில் ஒருவரிடம் வயலினைப் பார்த்து, அதே போன்ற ஒன்றை 1880-களின் இறுதியில் செய்தார். பிறகு கைவேலையோடு நிற்காமல் தலைப்பகுதியைச் செதுக்க இயந்திரம் அமைத்தார். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் வயலின்கள் சந்தைக்கு வராமல்போக, நகோயா வயலின்கள் வெளிநாடுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. குழந்தைகளுக்கான பயிற்சி முறையால் உலகறிந்த சுசுகி ஷினிச்சி அவருடைய மகன்தான். தந்தை கருவியைப் பெருக்கினார், மகன் அதை வாசிப்பவர்களைப் பெருக்கினார்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். இந்த வரலாற்றின் முன்வரிசையில் நின்றவர்களில் பலர் பெண்கள். 1871-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஐந்து சிறுமியரில் ஒருவரான நகாய் ஷிகேகோ, வாசர் கல்லூரியில் இசை பயின்று 1881-இல் திரும்பி, இசை ஆய்வுக் கழகத்தில் பியானோ கற்பித்தார். கோடா நோபு 1889-இல் அரசுச் செலவில் இசை கற்க வெளிநாடு சென்ற முதல் மாணவி. பாஸ்டனிலும் வியன்னாவிலும் பயின்றார். 1895-இல் அவர் எழுதிய வயலின் சொனாட்டாதான் ஜப்பானியர் ஒருவர் மேற்கத்திய வடிவில் இயற்றிய முதல் கருவியிசைப் படைப்பு என்று கருதப்படுகிறது. பெயர் எடுப்பவர்கள் எப்போதும் பின்னால் வந்த ஆண்கள்தாம்.

---

கேட்டுப்பழகுபவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இசாவாவின் தொண்டையில் நிற்காத அந்த இரண்டு சுரங்கள் என்னை விடமாட்டேன் என்கின்றன. மத்தியமமும் நிஷாதமும் போனால் மிஞ்சுவது ச ரி க ப த; அது மோகனம் அல்லவா? மேற்கண்ட ஸ்காட்லாந்து மெட்டும் மோகனமாகத்தான் என் காதில் விழுகிறது. இது தற்செயலா, அல்லது தெரிந்தே தேர்ந்தெடுத்தார்களா? மேலும், மரபு இசை என்ன ஆயிற்று என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

---

சுத்தசாவேரி எழுதியது:

நீங்கள் கேட்டது சரியான இடத்தில் கேட்ட கேள்வி. பொதுவாக இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன் நான், இதற்காகவே எழுதுகிறேன்.

மேசனும் இசாவாவும் பாட்டு நூலுக்கு மெட்டுகளைத் தேடியபோது ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளின் பக்கம் கை போனதற்குக் காரணம் அவற்றில் பல ஐந்து சுரங்களுக்குள் அடங்கியவை என்பதே. ஜப்பானியக் குழந்தையின் காதுக்கும் தொண்டைக்கும் அவை அந்நியமாகப் படவில்லை. நாளடைவில் அந்த ஐந்து சுர வரிசைக்குப் பெயரே உண்டாயிற்று: யோனாநுகி. ஒன்று இரண்டு என்று ஜப்பானிய முறையில் எண்ணினால் நான்கு ‘யோ’, ஏழு ‘நா’. ‘நுகி’ என்றால் நீக்கியது. நான்கையும் ஏழையும் நீக்கிய வரிசை, அதாவது அச்சாக உங்கள் மோகனம். இசாவாவை அழவைத்த இரண்டு சுரங்களும் பெயரிலேயே வெளியேற்றப்பட்டுவிட்டன! பின்னர் வந்த பள்ளிப் பாடல்கள், படைப் பாடல்கள், மக்கள் பாடல்கள் என்று ஏராளமானவை இந்த வரிசையில் பிறந்தன. இது பழைய ஜப்பானிய வரிசையா, மேற்கத்திய மேஜரிலிருந்து இரண்டைக் கழித்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். இரு இசைகளும் எந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவோ அந்த இடத்தில் கதவு வைத்தார்கள்.

ஆனால் நகரத்து மக்களின் பழைய இசை மோகனத்தில் ஓடவில்லை. தரையில் கிடத்தி மீட்டும் நீண்ட கம்பி வாத்தியமான கோட்டோவிலும் ஷமிசெனிலும் பெரிதும் புழங்கிய மியாகோபுஷி வரிசை நம் ‘கர்நாடக சுத்தசாவேரி’ என்ற ராகத்தை ஒத்தது: சட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம். ‘சகுரா சகுரா’ என்ற பாடலைக் கேட்டால் உடனே பிடிபடும். அதைத் தொன்மையான பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது அச்சில் வந்ததோ, இசைப் பள்ளி 1888-இல் வெளியிட்ட கோட்டோப் பாடத் தொகுப்பில், தொடக்கநிலை மாணவருக்கான பயிற்சியாக, மேற்கத்திய ஐந்துகோட்டுக் குறியீட்டில். மரபைப் பாதுகாக்க எடுத்த கருவியும் மேற்கிலிருந்து வந்ததுதான்.

மரபு இசைக்கு நேர்ந்த பெரிய அடி மேற்கத்திய இசையால் நேரடியாக வந்ததன்று. 1871-இல் புதிய அரசு தோதோசா என்ற பார்வையற்ற கலைஞர் சங்கத்தைக் கலைத்தது. கோட்டோவும், வீணை போன்ற பிவாவும் கற்பிக்கும் உரிமையும் அதற்கான படிநிலைப் பட்டங்களும் அதுவரை அச்சங்கத்தின் கையில் இருந்தன. பார்வையற்றோரின் பிழைப்பு அதில் இருந்தது. அதே ஆண்டில் ஃபுகே என்ற புத்தப் பிரிவும் கலைக்கப்பட்டது. முகத்தை மறைக்கும் கூடை அணிந்து ஷகுஹாச்சிக் குழல் ஊதி வந்த துறவியர் அந்தப் பிரிவினர். வாத்தியம் தடைசெய்யப்படவில்லை, வாத்தியத்தைத் தாங்கி நின்ற அமைப்பு போயிற்று. காவல் போனதோடு கட்டும் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: அதன்பின் யார் வேண்டுமானாலும் கோட்டோ கற்கலாம், கற்பிக்கலாம் என்ற நிலை வந்தது. எது இழப்பு, எது விடுதலை என்று இங்கே எளிதில் பிரித்துவிட முடியாது.

பள்ளியில் நடந்ததுதான் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது. மேற்கத்திய இசையையும் ஜப்பானிய இசையையும் கலந்து புதிய தேசிய இசை காண்பதே நோக்கம் என்று இசாவா எழுதினார். நடந்ததோ வேறு. இசை என்று பொருள்படும் ‘ஒங்காகு’ என்ற சொல் நாளடைவில் மேற்கத்திய இசைக்கே உரியதாகி, சொந்த இசைக்கு ‘ஹோகாகு’ என்று தனி அடைமொழி தேவைப்பட்டது. டோக்கியோ இசைப் பள்ளியில் மரபிசைக்கென முறையான துறை வந்தது 1936-இல். நடுநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு ஜப்பானிய வாத்தியத்தையாவது தொட்டுப் பழக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2002-இல். பாட்டு நூல் வெளிவந்து நூற்றிருபது ஆண்டுகள்!

நெருக்கமாகப் பார்க்க ஒரே ஒரு சுரத்தைக் காட்டுகிறேன். தாகி ரென்தாரோ 1901-இல் வெளிவந்த பள்ளிப் பாடல் நூலுக்காக ‘கோஜோ நோ த்சுகி’ என்ற பாடலுக்கு மெட்டமைத்தார். பாழடைந்த கோட்டையின் மேல் எழும் நிலவைப் பற்றியது. மைனர் வரிசையில் செல்லும் அந்த மெட்டின் இரண்டாம் அடியில், ‘மலர் விருந்து’ என்ற சொல் முடியும் இடத்தில், நான்காம் சுரத்தை அரைச் சுரம் ஏற்றியிருந்தார். நம் கணக்கில் சுத்த மத்தியமம் வரவேண்டிய இடத்தில் பிரதி மத்தியமம். தாகி லைப்சிக் சென்று, காசநோயோடு திரும்பி, 1903-இல் 23 வயதில் இறந்தார். பின்னாளில் பெர்லினில் பயின்று வந்த இசையமைப்பாளர் யமாடா கோசாக்கு அதே பாடலுக்குப் பியானோ சேர்த்து, நடையை நிதானப்படுத்தி, அந்தப் பிரதி மத்தியமத்தைக் கீழே இறக்கிவிட்டார். இன்று பெரும்பாலோர் பாடுவது யமாடாவின் வடிவம். ஏற்றிய சுரம் அந்நியமாக ஒலித்ததால் இறக்கினார் என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கோ தாகியின் வடிவில் அந்த ஓர் இடத்தில்தான் மெட்டு மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இணைப்பு உண்மையாகவே நடந்தது என்றால் அதைச் செய்தவர் பள்ளிக்கு வெளியே இருந்த மியாகி மிச்சியோ. பார்வையற்றவர், கோட்டோக் கலைஞர். 1921-இல் கீழ்ஸ்தாயிச் சுரங்களுக்காகப் பதினேழு கம்பிக் கோட்டோவை உருவாக்கினார். 1929-இல் கோட்டோவுக்கும் ஷகுஹாச்சிக்குமாக ‘ஹாரு நோ உமி’ இயற்றினார். 1932-இல் பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே ஷகுஹாச்சியின் பகுதியை வயலினில் எடுத்து அவரோடு சேர்ந்து வாசித்தார்.

---

ஒன்பதாம்சிம்பொனி எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் எழுதியதில் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

ஒன்று, தொடக்கம் 1869 அன்று. 1549-இல் பிரான்சிஸ் சேவியர் ககோஷிமாவில் இறங்கியதற்குப் பின் இயேசு சபைப் பள்ளிகளில் பாட்டும் கம்பி வாத்தியங்களும் ஆர்கனும் கற்பித்தார்கள். ஐரோப்பா சென்று திரும்பிய நான்கு இளைஞர்கள் 1591-இல் நாட்டை ஆண்ட ஹிதேயோஷியின் முன் மேற்கத்திய வாத்தியங்களை வாசித்தார்கள். அவர் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்று பாதிரியாரின் குறிப்பு உண்டு. 1614-இன் தடையோடு எல்லாம் அழிந்தது என்பார்கள். ஆனால் இகித்சுகித் தீவில் மறைந்து வாழ்ந்த கிறித்தவர்கள் ‘ஒராஷோ’ என்ற வழிபாட்டுப் பாடல்களை எழுத்தில்லாமல், பொருள் தெரியாமல், வாய்வழியாகவே காத்தார்கள். அவற்றில் ‘குருரியோசா’ என்று தொடங்குவது ‘ஓ குளோரியோசா டோமினா’ என்ற இலத்தீன் பாடல் என்பதை இசை ஆய்வாளர் மினாகாவா தத்சுவோ ஸ்பெயினில் தேடி உறுதிப்படுத்தினார். இதனால் மெய்ஜிக் கால மாற்றம் எளிதாயிற்று என்று நான் சொல்லவில்லை, இரண்டுக்கும் தொடர்பில்லை. முதல் சந்திப்பில் அரசாணை இல்லாமலே மக்கள் அந்த இசையை ஏற்றார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு, எல்லாவற்றையும் அரசு செய்தது என்று கொண்டால் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஜப்பானில் பெற்ற இடத்தை விளக்க முடியாது. முதல் உலகப் போரில் சீனாவில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் கோட்டை வீழ்ந்தபோது பிடிபட்ட ஜெர்மன் வீரர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தோகுஷிமா மாநிலத்தின் பாண்டோ முகாமில் இருந்தார்கள். முகாம் தலைவர் மத்சுயே தோயோஹிசா கைதிகளைக் கண்ணியமாக நடத்தியவர். 1918 ஜூன் 1 அன்று ஹெர்மன் ஹான்சன் நடத்த, அந்தக் கைதிகள் பேத்தோவனின் ஒன்பதாவதை முழுமையாக வாசித்தார்கள். பெண்கள் இல்லாத முகாம். சொப்ரானோ, ஆல்டோ பகுதிகளையும் ஆண்களே பாடினார்கள். ஜப்பானியரே சேர்ந்து அதை முழுமையாக நிகழ்த்தியது 1924 நவம்பரில், டோக்கியோ இசைப் பள்ளியில், குஸ்டாஃப் குரோன் நடத்துநராக. 1926-இல் கோனோயே ஹிதேமாரோ தொடங்கிய புதிய சிம்பொனி இசைக்குழு, அதாவது ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யின் பெயரில் இன்று இயங்கும் இசைக்குழு, அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியது. போருக்குப் பின் வறுமையில் இருந்த இசைக்குழுவினருக்குப் புத்தாண்டுச் செலவுக்குக் கையில் காசு வேண்டுமென்று டிசம்பரில் அதை வைத்தார்கள் என்றும், பெரிய பாடற்குழு என்பதால் பாடுபவர்களின் உற்றார் உறவினரே அரங்கை நிரப்பிவிடுவார்கள் என்றும் பரவலாகச் சொல்கிறார்கள். ஒசாகாவில் 1983 முதல் பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் அலுவலகம் போய் வருபவர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள். ஜெர்மன் சொற்களைக் கானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதி வைத்து மாதக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். எந்த அமைச்சகமும் அவர்களை அழைக்கவில்லை.

நாஜிகளிடமிருந்து தப்பியும் வாய்ப்புத் தேடியும் வந்த யூதக் கலைஞர்களையும் விட்டுவிடக் கூடாது. லியோ சிரோட்டாவும் லியோனிட் குரொய்ட்சரும் ஒரு தலைமுறைப் பியானோக் கலைஞர்களையே வளர்த்தார்கள். 1936-இல் வந்த ஜோசப் ரோசன்ஸ்டாக்கின் கண்டிப்பில்தான் கோனோயேயின் குழு உண்மையான இசைக்குழுவாக ஆயிற்று.

---

பழஞ்சுவடி எழுதியது:

ஒன்பதாவதைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் எழுதியது நுழைந்த கதை. நீங்கள் எழுதியது தங்கிய கதை. ‘ஒராஷோ’வை நான் விட்டது அது தொடராமல் அறுந்த இழை என்பதால்தான், அறியாமல் அன்று.

சுத்தசாவேரி அவர்களின் கோபமும் நியாயமானதே. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1874-இல் கிளாரினெட் கற்ற அந்த அரசவைக் கலைஞர்களின் வழிமுறை இன்றும் அறுபடவில்லை. பேரரசர் அரண்மனையின் இசைப் பிரிவில் சேர்பவர் ககாகுவின் வாத்தியங்களோடும் ஆடலோடும் ஒரு மேற்கத்திய வாத்தியத்தையும் கற்றே தீர வேண்டும். அரண்மனைச் சடங்கில் ஹிச்சிரிக்கியோ ஷோ என்ற மூங்கில் குழல் வாத்தியமோ வாசிப்பவர்களே, வெளிநாட்டுத் தலைவர் வரும் விருந்தில் உடை மாற்றிக்கொண்டு வயலினோடும் செல்லோவோடும் அமர்கிறார்கள். கேள்வி கேட்டவர் முதலில் எதைக் கேட்கலாம் என்று என்னைக் கேட்டால், கிமிகாயோவைக் கேளுங்கள் என்பேன்: ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், முதல் அடியில் ஒத்திசைவு இல்லாமல் நிற்பதையும் நடுவில் எக்கெர்ட் மெல்ல உள்ளே வருவதையும் தெளிவாகக் கேட்கலாம்.